கேட்டுட்டுத்தான் சேர்த்தியா மச்சான்?



ஒரு சின்ன டெஸ்ட். உடனே மொபைலை எடுங்க. மெயிலைத் திறங்க. படிக்காம கிடக்கிற மெயில் எத்தனை? நூறா? ஆயிரமா? நாலாயிரத்தைத் தாண்டிடுச்சா? வெட்கப்படாதீங்க பாஸ், நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேர் கதை இதுதான். அடுத்த கேள்விதான் முக்கியம். அதுல நீங்களா கேட்டு வாங்கினது எத்தனை?

அதே மாதிரி வாட்ஸ்அப்பையும் ஒரு பார்வை பாருங்க. 'மியூட்' பண்ணி வச்சிருக்கிற குரூப் எத்தனை? அதுல உங்களைக் கேட்டுட்டுச் சேர்த்த குரூப் எத்தனை?

சிரிப்பு வருதுல்ல? எனக்கும் இப்படித்தான் சிரிப்பு வந்தது. விம்கோ நகர் டீக்கடையில ஒரு தம்பி தன் கதையைச் சொல்ற வரைக்கும்!

சேர்றதுக்கு முன்னாடியே போன வேலை

விம்கோ நகர் தெரியும்தானே? திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போற வழி. 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி'ங்கிற தீப்பெட்டிக் கம்பெனியோட ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'விம்கோ' ஆகி, அதுவே ஏரியாவுக்குப் பேராகவும் ஆகிடுச்சு. கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் மட்டுமே கதியா இருந்த இடத்துக்கு 2021 பிப்ரவரியில மெட்ரோவும் வந்துடுச்சு. சுத்துப்பட்டுல எங்க பார்த்தாலும் ஃபேக்டரி. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடிச்ச பசங்க கையில ஃபைலோட சுத்துற ஏரியா.

அப்படி ஃபைலோட சுத்துற ஒரு தம்பிதான் நம்ம ஹீரோ. மெக்கானிக்கல் டிப்ளமோ. டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு ஆறவிட்டபடியே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, என் வேலை போச்சுண்ணே."

"நீ இன்னும் வேலைக்கே சேரலையேடா, எப்படிப் போகும்?"

"அதான்ணே... சேர்றதுக்கு முன்னாடியே போச்சு!"

விஷயம் இதுதான். நாலு மாசத்துக்கு முன்னாடி மெயின் ரோட்டுல ஒரு கடை திறந்தாங்க. வாசல்ல ஒரு கண்ணாடிப் பெட்டி. 'கூப்பனை நிரப்பிப் போடுங்க, முதல் பரிசு பைக்'. பைக்னு பார்த்தா நம்ம பசங்க கை சும்மா இருக்குமா? பேர், மொபைல் நம்பர், மெயில் ஐ.டி., பிறந்த தேதி, படிப்பு எல்லாத்தையும் முத்து முத்தா எழுதிப் போட்டுட்டு வந்துட்டான்.

பைக் வரல. மூணாவது நாள்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு. முதல்ல அந்தக் கடை. அப்புறம் கும்மிடிப்பூண்டி பக்கம் வீட்டு மனை. அப்புறம் பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, ஸ்போக்கன் இங்கிலீஷ், தலைமுடி கொட்டாம இருக்க எண்ணெய்... இருபத்தொரு வயசுப் பையனுக்கு ரிட்டயர்மென்ட் பிளான் வேற! மூணு வாட்ஸ்அப் குரூப்புல அவனைக் கேட்காமலே சேர்த்துட்டாங்க. ஒண்ணுலேர்ந்து வெளியே வந்தா மறுநாள் வேற நம்பர்லேர்ந்து மறுபடி சேர்க்கிறாங்க.

தம்பி கடுப்பாகி ஒரு முடிவு எடுத்தான். தெரியாத நம்பரை எடுக்கிறதில்ல. மெயில் 'டிங்'னு அடிக்கிற சத்தத்தை ஆஃப் பண்ணிட்டான். அப்பாடா, நிம்மதி!

அந்த நிம்மதி நேரத்துலதான், அவன் எழுத்துத் தேர்வு எழுதியிருந்த ஒரு கம்பெனியிலேர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காங்க. தெரியாத நம்பர். எடுக்கல. 'வியாழக்கிழமை காலை 10 மணிக்கு ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டோட வரவும்'னு மெயிலும் போட்டிருக்காங்க. மேல ஒரு லோன் விளம்பரம், கீழ ஒரு செருப்பு விளம்பரம். நடுவுல இவனோட எதிர்காலம்! ஞாயித்துக்கிழமைதான் அதைப் பார்த்தான். திங்கட்கிழமை ஓடிப்போய் நின்னா, "அடுத்த பேட்ச் எடுக்கும்போது பார்க்கலாம் தம்பி"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

"தப்பு யார் மேலண்ணே? நான்தானே கூப்பன்ல எழுதிப் போட்டேன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த வாரம் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கிறேன்.

பத்திரிகை வைக்கிறதும் பந்தியில தள்ளுறதும்

தம்பி கூப்பன்ல நம்பர் எழுதினது உண்மை. எதுக்கு எழுதினான்? பைக் குலுக்கலுக்கு. பரிசு விழுந்தா கூப்பிடுறதுக்கு. லோன் ஏஜென்ட்டுக்கும் எண்ணெய்க்காரருக்கும் அவன் எழுதிக் கொடுக்கல.

நம்பர் தெரியும்கிறது வேற, கூப்பிட அனுமதி இருக்குங்கிறது வேற. தபால்காரருக்கு உங்க வீட்டு விலாசம் தெரியும். அதுக்காக உள்ள வந்து ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணி குடிப்பாரா? காலிங் பெல்தானே அடிப்பார்?

நம்ம ஊர் வழக்கத்தையே எடுத்துக்கோங்க. கல்யாணம்னா வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, தட்டுல வெத்தலை பாக்கோட பத்திரிகை வச்சு, 'அவசியம் வரணும்'னு சொல்லிட்டுப் போவாங்க. வர்றதும் வராததும் நம்ம இஷ்டம். அதுதான் அழைப்பு. தூங்கிட்டு இருக்கிறவனைப் பாயோட சுருட்டித் தூக்கிட்டுப் போய்ப் பந்தியில உட்கார வச்சுட்டு, 'பிடிக்கலேன்னா எழுந்து போயேன்'னு சொன்னா எப்படி இருக்கும்? கேட்காம லிஸ்ட்டுல சேர்க்கிறவங்க சொல்ற 'வேணாம்னா அன்சப்ஸ்க்ரைப் பண்ணிக்கோங்க' இதே கதைதான்.

இந்த வியாதி 1978-லயே ஆரம்பிச்சது

இது ஏதோ இப்ப வந்த தொல்லைன்னு நினைச்சா, அதான் இல்ல. இன்டர்நெட்டுக்குத் தாத்தா 'ஆர்ப்பாநெட்'. அமெரிக்காவுல பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக் கூடங்களை இணைச்ச நெட்வொர்க். 1978 மே 3-ம் தேதி, 'டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்' கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்த கேரி தூர்க் என்ற மார்க்கெட்டிங் ஆசாமிக்கு ஒரு யோசனை வந்தது. புது கம்ப்யூட்டர் அறிமுக விழா. ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா மெயில் போடுறதுக்குப் பதிலா, எல்லாருக்கும் ஒரே மெயில் போட்டா என்ன?

அந்த நெட்வொர்க்ல இருக்கிறவங்களோட விலாசங்கள் ஒரு டைரக்டரியா அச்சாகி இருந்தது. அதைப் பார்த்துச் சுமார் 400 விலாசங்களை டைப் பண்ணி ஒரே அடியா அனுப்பிட்டாங்க. வாங்கினவங்க கொதிச்சுட்டாங்க. நெட்வொர்க்கை நிர்வகிச்சவங்ககிட்டேர்ந்து கண்டனம் வந்தது. ஆனா அந்த ஒரு மெயிலால ஒரு கோடி டாலருக்கு மேல வியாபாரம் ஆச்சுன்னு தூர்க் பின்னாளில் சொன்னார். பிரச்னையே அங்கதான். திட்டு 400 பேர்கிட்டேர்ந்து வந்தாலும், லாபம் வந்துட்டா அடுத்த ஆள் சும்மா இருப்பானா?

1994 ஏப்ரல்ல அமெரிக்க வக்கீல் தம்பதி ஒண்ணு, 'கிரீன் கார்டு' வாங்கித் தர்றோம்னு ஆயிரக்கணக்கான இணைய விவாதக் குழுக்கள்ல ஒரே விளம்பரத்தை ஒட்டிட்டாங்க. பேசுறதுக்குக் கூடின இடத்துல யாரோ வந்து மைக்கைப் பிடுங்கி வியாபாரம் பண்ண மாதிரி. 'ஸ்பாம்'ங்கிற வார்த்தை பிரபலமானதுக்கு இந்த மாதிரி கூத்துகள்தான் காரணம். அது அசல்ல டப்பாவுல அடைச்ச ஒரு இறைச்சியோட பேர். 1970-ல 'மான்ட்டி பைத்தான்' டி.வி. குழு ஒரு காமெடி பண்ணாங்க. ஹோட்டல்ல எதைக் கேட்டாலும் 'ஸ்பாம்' இருக்கும். வேணாம்னாலும் இருக்கும். கேட்காமலே தட்டுல வந்து விழுற மெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா?

கஷ்டம் யாருக்கு?

உலகம் முழுக்க இதுல ரெண்டு கட்சி உண்டு. 'முதல்ல அனுப்புவோம், வேணாம்னு சொன்னா நிறுத்துவோம்' என்பது ஒரு கட்சி. 'வேணும்னு சொன்ன பிறகுதான் அனுப்பணும்' என்பது இன்னொண்ணு. 2003-ல அமெரிக்கா போட்ட மெயில் சட்டம் முதல் கட்சி. ஐரோப்பிய யூனியன் அதுக்கு முந்தின வருஷமே, 2002-ல, விளம்பர மெயிலுக்கு முன் அனுமதி வேணும்னு ரெண்டாவது கட்சிக்குப் போயிடுச்சு.

பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். இல்ல மக்களே! கஷ்டம் யாருக்குங்கிறதுலதான் வித்தியாசம். ஒருத்தர் ஒரு பட்டனைத் தட்டினா லட்சம் பேருக்கு மெசேஜ் போகுது. அந்த லட்சம் பேரும் தனித்தனியா உட்கார்ந்து 'வேணாம், வேணாம்'னு அழுத்தணும். ஆளுக்கு அஞ்சு செகண்டுன்னு வச்சாக்கூட, கூட்டிப் பார்த்தா கிட்டத்தட்ட 139 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட்டா பிரிச்சா 17 நாள் வேலைக்கு மேல! சம்பளம் யார் தர்றா?

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். 2005-ல டெல்லி வழக்கறிஞர் ஹர்ஷ் பதக், விளம்பர போன்கால் தொல்லை தாங்க முடியலைன்னு உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்கு போட்டார். 2007-ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்', 'தொந்தரவு செய்யாதீர்' பட்டியலைக் கொண்டு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா கவனிச்சீங்களா? தொந்தரவு வேணாம்னு நாமதான் போய்ப் பேர் கொடுக்கணும். சும்மா இருந்தா, தொந்தரவு ஓகேன்னு அர்த்தமாம்!

2011 செப்டம்பர்ல விதிகள் கடுமையாச்சு. 1909-ங்கிற நம்பர்ல பதிவு பண்ணலாம். 2018-ல இன்னும் இறுக்கி, விளம்பரம் அனுப்புறவங்க தங்களோட பேரையும் மெசேஜ் மாதிரியையும் டிஜிட்டல் பதிவேட்டுல பதியணும்னு ஆச்சு. 2025 பிப்ரவரியில வந்த திருத்தம் நமக்கு இன்னும் கொஞ்சம் சாதகம். விளம்பரத் தொல்லை வந்தா 7 நாளுக்குள்ள புகார் சொல்லலாம் (முன்னாடி 3 நாள்தான்). பதிவு பண்ணாம அனுப்புறவங்க மேல 5 நாளுக்குள்ள நடவடிக்கை எடுக்கணும் (முன்னாடி 30 நாள்). வேணாம்னு சொல்லிட்டா, அதே ஆள் 90 நாளுக்கு மறுபடி அனுமதி கேட்டு வரக்கூடாது.

ஆக, சட்டம் மெல்ல மெல்ல நம்ம பக்கம் நகருது. ஆனா எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் போன்காலுக்கும் போட்ட வேலி, வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் இல்ல. அந்த வாசலை நாமதான் பூட்டணும்.

குரூப்புக்குள்ள குழி

2019 வரைக்கும் வாட்ஸ்அப்புல உங்க நம்பர் தெரிஞ்ச எவரும் உங்களை எந்தக் குரூப்புலயும் சேர்க்கலாம். அந்த வருஷம் ஏப்ரல்ல, நம்ம நாடாளுமன்றத் தேர்தல் தொடங்குறதுக்குச் சில நாள் முன்னாடி, 'என்னை யார் சேர்க்கலாம்?'ங்கிற செட்டிங்கைக் கொண்டு வந்தாங்க. ஆனா நாமளா போய் மாத்தற வரைக்கும் அது 'எல்லாரும்'னுதான் இருக்கும். உங்க போன்ல மாத்திட்டீங்களா?

'இதுல என்னங்க, ஒரு குரூப்தானே, மியூட் பண்ணிட்டா போச்சு'ன்னு சொல்றீங்களா? இங்கதான் விளையாட்டு வினையாகுது.

'பார்ட் டைம் வேலை, வீட்டுலேர்ந்தே சம்பாதிக்கலாம்'னு ஒரு மெசேஜ். வீடியோவுக்கு லைக் போட்டா ஐம்பது, நூறுன்னு முதல்ல நிஜமாவே பணம் வரும். உடனே ஒரு டெலிகிராம் குரூப்புல சேர்ப்பாங்க. அங்க 'எனக்கு இருபதாயிரம் வந்துச்சு', 'எனக்கு நாப்பதாயிரம்'னு ஸ்க்ரீன்ஷாட் மழை. அத்தனை பேரும் அவங்க ஆளுங்க! அடுத்து 'அட்வான்ஸ் கட்டினா பெரிய டாஸ்க்'. கட்டினா, அந்தப் பணம் கோவிந்தா. வேலை தேடுற பசங்க நம்பர் லிஸ்ட்டுதான் இவங்களுக்கு முதல் மூலதனம்.

இதைவிட மோசமானதும் நடந்திருக்கு. 2022-ல தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு சமூக வலைதளங்கள்ல வந்த விளம்பரத்தை நம்பிப் போன நம்ம இளைஞர்களை, மியான்மர்ல மியாவாடி பகுதிக்குக் கடத்திக்கிட்டுப் போய், ஆன்லைன் மோசடி வேலை செய்ய வச்சு அடைச்சு வச்சிருந்தாங்க. அந்த செப்டம்பர்ல வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர்ல தமிழகத்தைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினாங்க. ஒரு மெசேஜ் எங்க கொண்டுபோய் விடும்னு புரியுதா?

இன்னொரு பக்கமும் இருக்கு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையோட கடலடிக் குழாய்லேர்ந்து அமோனியா கசிஞ்சு, மூச்சுத் திணறி, குழந்தை குட்டிகளோட ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. இந்த ஏரியாவுல இருக்கிறவங்களுக்கு மெசேஜ்ங்கிறது பொழுதுபோக்கு மட்டும் இல்ல. 'வெளியே வா, காத்து சரியில்ல'ன்னு தெருக் குரூப்புல ஒருத்தர் எழுதினா அது உயிர் விஷயம். ஆனா, கேட்காம சேர்த்த முப்பது குரூப்போட தொல்லையில அந்தத் தெருக் குரூப்பையும் சேர்த்து மியூட் பண்ணிட்டா?

இதுல ஒரு சுவாரஸ்யம். ஆபத்து நேரத்துல அரசாங்கம் 'பீப்' சத்தத்தோட அனுப்புற 'செல் பிராட்காஸ்ட்' எச்சரிக்கையை 2023-ல நாடு முழுக்கச் சோதிச்சுப் பார்த்தாங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கு யாரோட நம்பரும் தேவையில்ல. அந்த டவர் எல்லைக்குள்ள இருக்கிற போன்களுக்கெல்லாம் போகும். லிஸ்ட்டே இல்லாம ஊருக்கே சேதி சொல்ல முடியுது பாருங்க. உண்மையான அவசரத்துக்கு உங்க நம்பரைத் திருட வேண்டிய அவசியம் இல்ல!

'சரி'ன்னு சொன்னாத்தான் சரி

2017 ஆகஸ்ட் 24-ம் தேதி உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் நம்ம அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னது. அதுக்கப்புறம் வந்ததுதான் 2023-ம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதுல சம்மதத்துக்கு ஒரு இலக்கணமே எழுதியிருக்காங்க. சம்மதம் சுதந்திரமா, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, விவரம் தெரிஞ்சு, நிபந்தனை இல்லாம, சந்தேகத்துக்கு இடமில்லாம இருக்கணும். நாமளா ஒரு செயலால 'சரி'ன்னு காட்டணும். சும்மா இருந்தா சம்மதம் கிடையாது!

சம்மதத்தைக் கொடுக்கிறது எவ்வளவு சுலபமோ, திரும்ப எடுக்கிறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னும் அந்தச் சட்டம் சொல்லுது. எதுக்கு நம்ம விவரத்தைக் கேட்கிறாங்கங்கிற அறிவிப்பை, அரசியல் சாசனத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கிற 22 மொழிகள்ல எதுலயும் படிக்க வசதி தரணும். அதாவது தமிழ்லயும்! இதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு. கம்பெனிகளோட முக்கியமான கடமைகள் அதுலேர்ந்து 18 மாசம் கழிச்சுத்தான் அமலுக்கு வரும்னு அவகாசம் கொடுத்திருக்காங்க. அதுவரைக்கும்? நம்ம கையில இருக்கிறதைச் செய்வோம்.

நாம என்ன செய்யலாம்?

ஒண்ணு: ரெண்டு மெயில் ஐ.டி. வச்சுக்கோங்க. வேலை, காலேஜ், பேங்க் மூணுக்கும் ஒண்ணு. கூப்பன், ஷாப்பிங், சினிமா டிக்கெட்டுக்கு இன்னொண்ணு. முதல் ஐ.டி.யை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலயும் போடாதீங்க.

ரெண்டு: ஜிமெயில்ல ஒரு ட்ரிக். உங்க பேருக்கும் '@' குறிக்கும் நடுவுல ஒரு கூட்டல் குறி போட்டு 'கடை'ன்னு ஆங்கிலத்துல சேர்த்து எழுதிக் கொடுங்க. மெயில் உங்களுக்கே வரும். நாளைக்கு வேற எவனாவது அந்த விலாசத்துக்கு மெயில் போட்டா, எந்தக் கடை உங்களை வித்ததுன்னு கையும் களவுமா தெரிஞ்சுடும்!

மூணு: தெரிஞ்ச கம்பெனி மெயில் வேணாம்னா 'அன்சப்ஸ்க்ரைப்' அழுத்துங்க. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்புற விளம்பரக் கம்பெனிகள், ஒரே கிளிக்ல விலகுற வசதி தரணும், ரெண்டு நாளுக்குள்ள நிறுத்தணும்னு 2024-ல கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கிட்டாங்க. முன்னப் பின்ன தெரியாத ஆள் மெயில்னா எந்த லிங்க்கையும் தொடாதீங்க. 'ஸ்பாம்'னு ரிப்போர்ட் பண்ணிட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

நாலு: வாட்ஸ்அப்புல செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ். அங்க 'எல்லாரும்'கிறதை மாத்தி 'என் கான்டாக்ட்ஸ்' ஆக்குங்க. டெலிகிராம்லயும் பிரைவசி பகுதியில இதே வசதி இருக்கு. அரை நிமிஷ வேலை.

அஞ்சு: 1909-ல பதிவு பண்ணுங்க. விளம்பரக் கால் 140-ல ஆரம்பிக்கிற நம்பர்லேர்ந்து வரணும். பேங்க் மாதிரி நிறுவனங்களோட சேவைக் கால்களுக்கு 1600 வரிசையை ஒதுக்கியிருக்காங்க. எஸ்.எம்.எஸ். அனுப்பினவர் பேரோட கடைசியில 'பி' எழுத்து இருந்தா விளம்பரம், 'ஜி' இருந்தா அரசாங்கம்.

ஆறு: வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கிற சமயத்துல, அந்தக் கம்பெனி பேரைப் போட்டு மெயில்ல தினம் ஒரு தடவை தேடிப் பாருங்க. ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து! தெரியாத நம்பர் ரெண்டு தடவை கூப்பிட்டா, 'யாருங்க?'ன்னு ஒரு மெசேஜ் போடுங்க.

ஏழு: பணம் போயிடுச்சா? கூச்சப்படாம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

இப்ப நம்ம பக்கம்

கம்பெனிக்காரங்களைத் திட்டியாச்சு. கை தட்டியாச்சு. இப்ப கண்ணாடி முன்னாடி நிப்போமா?

காலேஜ் சிம்போசியத்துக்கு ஆள் சேர்க்க, ஜூனியர் பசங்க நம்பரையெல்லாம் அட்டெண்டன்ஸ் ஷீட்லேர்ந்து எடுத்து ஒரே குரூப்புல போட்டது யாரு? 120 பேர் மெயில் ஐ.டி.யையும் எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி 'சி.சி.'யில போட்டு அனுப்பினது யாரு? 'பி.சி.சி.'ன்னு பக்கத்துலயே ஒரு பெட்டி இருக்கு பாஸ், அதுல போட்டா ஒருத்தர் விலாசம் இன்னொருத்தருக்குத் தெரியாது. வகுப்புக் குரூப்புல இருந்த ஒரு பொண்ணோட நம்பரை எடுத்து, அவங்களைக் கேட்காம நம்ம கிரிக்கெட் டீம் குரூப்புல சேர்த்தது யாரு? அங்க இருக்கிற முப்பது முகம் தெரியாத பசங்களுக்கு அந்த நம்பர் போயிடுச்சே. அதுக்கப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு 'ஹாய்'னு வர்ற மெசேஜுக்கு யார் பொறுப்பு?

கெட்ட எண்ணம் இல்லாம இருந்திருக்கலாம். 1978-ல தூர்க்குக்கும் கெட்ட எண்ணம் இல்ல. டைரக்டரியில விலாசம் இருந்துச்சு, அனுப்பிட்டார். அவ்வளவுதான். எல்லாத் தொல்லையும் இந்த 'அவ்வளவுதான்'லேர்ந்துதான் ஆரம்பிக்குது.

இதுக்கு மருந்து ரொம்பச் சின்னது. சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு வரி: 'இப்படி ஒரு குரூப் இருக்கு, சேர்க்கட்டுமா?' லிங்க் அனுப்பினா, வர்றவங்க வருவாங்க. அறுபது பேர் தானா வந்த குரூப்புல பேச்சு இருக்கும். இருநூறு பேரைத் தள்ளிவிட்ட குரூப்புல குட்மார்னிங் மட்டும்தான் இருக்கும்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். "தப்பு யார் மேலண்ணே?"

அவன்கிட்ட இப்படித்தான் சொன்னேன். "உன் மேல இருக்கிறது கவனக்குறைவு. தப்பு, ஒரு காரியத்துக்குக் கொடுத்த நம்பரை இன்னொரு காரியத்துக்குத் தூக்கிக் கொடுத்தவங்க மேல." கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் மொபைலை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து புதுசா ஒரு மெயில் ஐ.டி. தொடங்கினான். வேலைக்கு மட்டும்! அப்ளை பண்ணியிருந்த ஆறு கம்பெனிக்கும் 'என் புது மெயில் ஐ.டி. இது'ன்னு எழுதினான். ஆறிப்போன டீயைக் கொட்டிட்டு, கடைக்கார அண்ணன் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும்போது தம்பி, "அண்ணே, ஏரியா பசங்களுக்கு வேலைவாய்ப்புச் செய்தி போட ஒரு குரூப் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்"னான்.

"நல்ல விஷயம்டா."

"உங்களைச் சேர்க்கட்டுமாண்ணே?"

கேட்டான் பாருங்க! உடனே 'சரி'ன்னுட்டேன்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. அதுக்குள்ள அந்த வாட்ஸ்அப் செட்டிங்கை மாத்திடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க, இப்பவே!